அறுபது பேரின் உழைப்பு; ஆறு பேருக்கு மட்டும் மேடை

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் ஒரு நாள் படப்பிடிப்புக்கு எத்தனை பேர் வேண்டும்? 2020 மே மாதம், ஊரடங்குக்கு நடுவே, தமிழக அரசு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. அதிகபட்சம் 20 பேரை வைத்து உள்ளரங்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் அனுமதி தந்தது. அது நடக்கிற காரியமில்லை என்று தொழிலில் இருப்பவர்கள் முறையிட்டார்கள். மாதம் முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 60 ஆக உயர்த்தப்பட்டது. அந்த 60 பேரில் முகமாக நம் வீட்டுக் கூடத்துக்கு வருபவர்கள் ஐந்தாறு பேர். விருது மேடைக்கு வந்து சேர்பவர்களும் ஏறக்குறைய அவர்கள் மட்டுமே.

சன் குடும்பம் விருதுகள், விஜய் டெலிவிஷன் விருதுகள், ஜீ தமிழ் குடும்ப விருதுகள் என்று சேனல்கள் நடத்தும் விழாக்கள் ஒவ்வொன்றும் பல மணி நேரம் ஓடுகின்றன. சிறந்த நாயகி, சிறந்த ஜோடி, சிறந்த மாமியார், சிறந்த வில்லி என்று பட்டியல் நீள்கிறது. நடிப்பவர்களுக்குக் கிடைக்கும் கைதட்டலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாள் முழுக்க விளக்கு வெப்பத்தில் நின்று, அழுது, சிரித்து, மறுநாளும் அதையே செய்பவர்கள் அவர்கள். ஆனால், அந்த முகத்துக்கு வெளிச்சம் வைத்த லைட்மேனுக்கும், அந்த அழுகைக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவருக்கும், அந்தக் காட்சியை விடிய விடிய வெட்டி ஒட்டி மாலை ஒளிபரப்புக்கு அனுப்பிய எடிட்டருக்கும் அந்த மேடையில் இடம் கிடைப்பது அரிது.

அரசு விருதுகளின் நிலை வேறு மாதிரி. தமிழக அரசின் சின்னத்திரை விருதுகளில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, உரையாடல் போன்ற பிரிவுகள் உண்டு. நல்ல முன்மாதிரிதான். ஆனால், 2009 முதல் 2013 வரையிலான ஆண்டுகளுக்கான விருதுகள் 2022 செப்டம்பரில்தான் சென்னை கலைவாணர் அரங்கில் வழங்கப்பட்டன. ஒருவர் 2009-இல் செய்த வேலைக்கு 13 ஆண்டுகள் கழித்துப் பாராட்டு. அதற்குள் தொடர் முடிந்திருக்கும்; தயாரிப்பு நிறுவனம் மூடப்பட்டிருக்கும்; விருது பெற வேண்டியவர் தொழிலை விட்டே போயிருக்கலாம்.

விருது யாருக்கு என்ன தரும்?

'சம்பளம் ஒழுங்காக வந்தால் போதும், விருது எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சம்பளத்துக்கு மாற்றாக விருது வர முடியாது. ஆனால், இந்தத் தொழிலில் சம்பளம் எப்படி அமைகிறது என்று பார்த்தால், விருதுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு புரியும்.

படப்பிடிப்புத் தளத்தில் பெரும்பாலானவர்கள் நாள் கணக்கில் வேலை செய்பவர்கள். கால்ஷீட் இருந்தால் கூலியும் பேட்டாவும் உண்டு, இல்லையென்றால் இல்லை. பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அனுபவச் சான்றிதழ் எதுவும் பெரும்பாலும் கையில் இருக்காது. அடுத்த வேலை வருவது ஒரு தொலைபேசி அழைப்பில். 'அந்த சீரியலில் வேலை பார்த்தாரே, அவரைக் கூப்பிடு' என்று யாரோ ஒருவர் சொல்ல வேண்டும். சொல்லக்கூடியவர் அடுத்த யூனிட்டுக்கு மாறிவிட்டால் அந்த அனுபவம் முழுவதும் கணக்கில் இல்லாமல் போய்விடுகிறது.

இப்படிப்பட்டவருக்கு, 'இந்த ஆண்டு, இந்தத் தொடரில், இந்த வேலையை இவர் செய்தார். அதைத் துறைசார்ந்தவர்கள் சிறந்தது என்று தேர்ந்தெடுத்தார்கள்' என்று எழுதிய ஒரு தாள் ஷோகேஸில் வைக்கும் அலங்காரமாக நின்றுவிடுவதில்லை. கூலி பேசும்போது அதைக் காட்டலாம். நலவாரியத்தில் பதியும்போது, வீட்டுக்கடன் கேட்கும்போது, வெளிமாநில வேலைக்குப் போகும்போது அதைக் காட்டலாம். பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றாலே போதும். வென்றுதான் ஆக வேண்டும் என்பதில்லை. முகம் தெரிந்த நடிகருக்கு அவருடைய முகமே சான்று. முகம் தெரியாதவருக்குப் பெயர்தான் சான்று. அதனால்தான் இவர்களுக்கான விருதை நான் ஒரு தொழில் உரிமையாகப் பார்க்கிறேன்.

நன்றாகச் செய்தால் கண்ணில் படாது

திரைக்குப் பின்னால் நடக்கும் வேலையை மதிப்பிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சரியாகச் செய்யப்பட்டால் அது தெரியவே தெரியாது. தவறினால் மட்டும் ஊரே பார்க்கும்.

தொடர்ச்சி பார்க்கும் உதவி இயக்குநரை எடுத்துக்கொள்வோம். கோயில் காட்சி ஒன்று திங்கள்கிழமை எடுக்கப்படும். அதைத் தொடர்ந்து கதாநாயகி வீட்டுக்குள் நுழைவது, வீடு கிடைக்கும் நாளைப் பொறுத்து, அடுத்த வாரம் எடுக்கப்படும். நெற்றியில் விபூதி எந்த அளவு இருந்தது, பூ எந்தப் பக்கம் சரிந்திருந்தது, கட்டு வலது கையிலா இடது கையிலா என்பதையெல்லாம் நினைவில் வைத்துக் குறிப்பெடுத்துக் காப்பாற்றுவது அவர் வேலை. கட்டு கை மாறினால் மறுநாள் சமூக வலைதளத்தில் மீம் வருகிறது. ஆயிரம் எபிசோடுகளில் கை மாறாமல் பார்த்துக்கொண்டவரின் பெயர் எங்கும் வருவதில்லை.

டப்பிங் இன்னும் கூர்மையான உதாரணம். தமிழ்த் தொடர்களின் நாயகிகளில் பலர் கர்நாடகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வருகிறார்கள். திறமையானவர்கள். அவர்களில் பலருக்குத் தமிழ்க் குரல் கொடுப்பவர் வேறொருவர். ஒலிப்பதிவு அறையின் இருட்டில் நின்று, திரையில் அசையும் உதடுகளைப் பார்த்து, விம்மலையும் மூச்சையும் சேர்த்துத் தருகிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் தொடரைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். கை அடுப்படியில் இருக்கும், காது கூடத்தில் இருக்கும். அவர்களைப் பொறுத்தவரை கதாநாயகி என்பதே அந்தக் குரல்தான். விருது மேடையில் நாயகி தன் சொந்தக் குரலில் நன்றி சொல்லும்போது, இத்தனை ஆண்டு கேட்ட குரல் அது இல்லை என்று அவர்களுக்கு முதல்முறையாகத் தெரிகிறது. அந்த நன்றியுரையில் டப்பிங் கலைஞர் பெயர் வந்தால் அது நடிகையின் பெருந்தன்மை. பெருந்தன்மையை நம்பி ஒரு தொழில் இருக்கக் கூடாது.

குரலைச் செயற்கை நுண்ணறிவு நகலெடுக்கும் காலம் வந்துவிட்டது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்தத் தொடரில் எந்தப் பாத்திரத்துக்கு யார் குரல் என்று பொதுப் பதிவே இல்லையென்றால், நாளை தன் குரல் திருடப்பட்டது என்று ஒருவர் எதை வைத்து நிரூபிப்பார்?

ஒலியும் இசையும் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு 'செர்னோபில்' குறுந்தொடர் ஒரு சான்று. அதன் இசையமைப்பாளர் ஹில்டுர் குட்னாடோட்டிர், லிதுவேனியாவில் மூடப்பட்ட இக்னாலினா அணுமின் நிலையத்துக்குள் போய் அங்குள்ள ஓசைகளைப் பதிவு செய்து, அவற்றிலிருந்தே இசையை உருவாக்கினார். தொடரைப் பார்த்தபோது நம் வயிற்றைப் பிசைந்த அந்த அச்சம் பெருமளவு காது வழியாக வந்தது. 2019-இல் அந்த இசைக்கு எம்மி விருது கிடைத்தது. விருது கிடைத்தபின் அது எப்படிச் செய்யப்பட்டது என்பது இன்னும் பலரின் கவனத்துக்கு வந்தது.

எம்மி சொல்லும் பாடம்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது 1949-இல் தொடங்கியது. சிறகு விரித்த பெண் ஓர் அணுவைத் தூக்கிப் பிடித்திருக்கும் அந்தச் சிலையை வடிவமைத்த லூயிஸ் மெக்மானஸ் ஒரு தொலைக்காட்சிப் பொறியாளர். சிறகு கலைக்கு, அணு அறிவியலுக்கு. முதல் விழாவிலேயே அவருக்கும் ஒரு சிறப்பு விருது கொடுத்தார்கள்.

இன்று எம்மியில் பெரும்பான்மை விருதுகள், உலகம் நேரலையில் பார்க்கும் அந்த இரவில் வழங்கப்படுவதில்லை. அதற்கு முன்பே 'கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் எம்மி' என்ற பெயரில் தனி விழா நடக்கிறது. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிக்கலவை, ஆடை, ஒப்பனை, சிகை, அரங்க அமைப்பு, நடிகர் தேர்வு, சண்டைப் பயிற்சி என்று ஒவ்வொரு கைவினைக்கும் அங்கே மேடை உண்டு. பிரிவுகள் பெருகியதால் 2016 முதல் அதை இரண்டு இரவுகளாக நடத்துகிறார்கள். 2024-இல் 'ஷோகன்' தொடர் ஒரே பருவத்துக்காக 18 எம்மி வென்று சாதனை படைத்தது. அதில் 14 இந்த விழாவில் வந்தவை. முதன்மை இரவில் வந்தவை நான்குதான்.

2025-இல் 'அடலசன்ஸ்' தொடர் பெற்ற வெற்றியையும் பலர் அறிவார்கள். 15 வயது ஓவன் கூப்பர் எம்மி வாங்கியது உலகச் செய்தியானது. தகுதியான சிறுவன். அதே தொடரின் நான்கு பகுதிகளும், ஒவ்வொன்றும், வெட்டே இல்லாத ஒரே ஷாட்டாக எடுக்கப்பட்டவை. கேமரா ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும், காருக்குள் போகும், ஓரிடத்தில் ட்ரோனில் மாட்டப்பட்டு ஊருக்கு மேல் பறந்து மறுபடியும் தரைக்கு வரும். ஒரு கை நடுங்கினால் முழுப் பகுதியையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். சிறுவனின் நடிப்பு நம்மை அசைத்ததற்கு, ஒரு கணம்கூடக் கண்ணை எடுக்காத அந்தக் கேமராவும் காரணம். ஒளிப்பதிவாளர் மேத்யூ லூயிஸுக்கான எம்மி, சிறுவனுக்கு ஒரு வாரம் முன்பே, கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் விழாவில் வழங்கப்பட்டது.

பிரிட்டனில் பாஃப்டா அமைப்பும் 2000-ஆம் ஆண்டு முதல் தொலைக்காட்சிக் கைவினைக்கெனத் தனி விழா நடத்துகிறது.

இவற்றில் நாம் கவனிக்க வேண்டியது பிரம்மாண்டத்தை அல்ல. அவர்களின் செலவுக்கு நாம் ஈடுகொடுக்க வேண்டியதுமில்லை. தேர்வு முறையைத்தான் கவனிக்க வேண்டும். எம்மியில் பரிந்துரைக்கான வாக்கு துறைவாரியாக நடக்கிறது. எடிட்டரின் வேலையை எடிட்டர்கள் எடை போடுகிறார்கள். ஒலிக்கலைஞரின் வேலையை ஒலிக்கலைஞர்கள். கைவினைப் பிரிவுகளில் பொதுவாக முழுத் தொடரையும் அனுப்புவதில்லை, ஒரு எபிசோடை அனுப்பினால் போதும். எழுநூறு, எண்ணூறு எபிசோடு ஓடும் நம் தொடர்களுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. 'சந்திரலேகா' 2,300 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. எந்த நடுவர் குழு அதை முழுக்க உட்கார்ந்து பார்க்கும்?

இன்னொன்று, நமக்கு மிக நெருக்கமானது. தினசரி பகல்நேரத் தொடர்களை அமெரிக்கர்கள் பெரும் பொருட்செலவுத் தொடர்களோடு போட்டியிட விடுவதில்லை. அவற்றுக்கு 1974 முதல் 'டேடைம் எம்மி' என்ற தனி விருது இருக்கிறது. அதிலும் கைவினைப் பிரிவுகள் உண்டு. ஓர் ஆண்டு எடுத்து முடித்த எட்டு பகுதித் தொடரையும், நாளுக்கு ஒரு எபிசோடு எடுத்துக் கொடுக்க வேண்டிய தொடரையும் ஒரே தராசில் வைத்தால் பின்னது எப்போதும் தோற்கும். ஆனால், சாலிகிராமத்திலோ போரூரிலோ ஒரு படப்பிடிப்பு வீட்டில், ஒரே நாளில், ஒரே கூடத்தைக் காலை, மாலை, நள்ளிரவு என்று மூன்று பொழுதாக மாற்றிக் காட்டும் ஒளிப்பதிவாளரின் வேகம் அதற்கேயுரிய ஒரு திறமை. அதை அளக்க அந்த நெருக்கடியை அறிந்த நடுவர்கள் வேண்டும்.

'யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?'

சேனல்களின் பதில் இதுவாகத்தான் இருக்கும். எடிட்டருக்கு விருது கொடுப்பதைக் காட்டினால் பார்வையாளர் வேறு சேனலுக்குப் போய்விடுவார், விளம்பரம் போய்விடும் என்பார்கள்.

இதே கணக்கைப் போட்டு, 2022-இல் ஆஸ்கர் விழாவில் படத்தொகுப்பு, ஒலி, இசை, அரங்க அமைப்பு உள்ளிட்ட எட்டு விருதுகளை நேரலைக்கு முன்பே கொடுத்து, பிறகு சுருக்கி ஒளிபரப்பினார்கள். திரைத்துறையிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே எல்லா விருதுகளும் நேரலைக்குத் திரும்பின. அந்த ஆண்டு நடந்ததில் எனக்குத் தெளிவாவது இது: தனி விழா அவமரியாதை இல்லை, ஒரே விழாவில் சிலரை மட்டும் கதவுக்கு வெளியே நிறுத்துவதுதான் அவமரியாதை.

பார்வையாளரைக் குறைத்து எடை போடுவதும் தவறு. படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்று காட்டும் காணொளிகளை நம் மக்கள் யூடியூபில் விரும்பிப் பார்க்கிறார்கள். வீட்டுக்குள் மழை பெய்வது போல எப்படி எடுத்தார்கள், இரட்டை வேடத்தில் அக்காவும் தங்கையும் எப்படி ஒரே காட்சியில் நின்றார்கள் என்பதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் காட்டிவிட்டு அதைச் செய்தவரை மேடைக்கு அழைத்தால், சேனலை மாற்ற யாருக்கும் மனம் வராது.

முதலில் பெயரைப் போடுங்கள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. தமிழ்த் தொலைக்காட்சிக்கு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1990களில் நம்மைக் கட்டிப்போட்ட 'மர்மதேசம்' தொடரை இன்றும் பேசுகிறோம். இயக்குநர் நாகாவும் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனும் நம் நினைவில் இருக்கிறார்கள். அந்தக் காட்டையும் இருட்டையும் நமக்குக் காட்டியவர்கள், அந்த ஓசைகளைச் சேர்த்தவர்கள் யார் என்று தேடினால் அன்றைய டைட்டிலைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இன்று அந்த டைட்டிலும் தேய்கிறது. பெயர்கள் தலைப்புப் பாடலின் ஓரத்தில் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் ஓடுகின்றன. முடிவில் வரும் பெயர்களை அடுத்த நிகழ்ச்சியின் புரொமோ விழுங்கிவிடுகிறது. ஓடிடி தளங்களில் தொடக்கத்தைத் தாண்ட ஒரு பொத்தான். முடிவில் அடுத்த எபிசோடு தானாகத் தொடங்கிவிடும். லைட்மேன், செட் அசிஸ்டென்ட், புரொடக்‌ஷன் ஆட்கள் ஆகியோரின் பெயர்கள் பல தொடர்களில் வருவதே இல்லை. பெயரே பதிவாகாத தொழிலில் சிறந்தவர் யார் என்று எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்த இடத்தில் சட்டம் கைகொடுக்கிறது. 1981-ஆம் ஆண்டின் திரைத் தொழிலாளர் சட்டம் திரைப்படத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு தொலைக்காட்சித் தொடர், இணையத் தொடர், ரியாலிட்டி நிகழ்ச்சி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. எழுத்து மூல ஒப்பந்தம் இல்லாமல் ஒலி-ஒளிப் பணியாளர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுதும்போது பெயரும் பணியும் பதிவாகிவிடும். அந்தப் பதிவையே விருதுக்கான பட்டியலாக மாற்றலாம்.

என்ன செய்யலாம்?

முதல் அடியை அரசு எடுக்கலாம். சின்னத்திரை விருதுக்கு விண்ணப்பிக்கும் தயாரிப்பு நிறுவனம், அந்தத் தொடரில் வேலை செய்த அனைவரின் பெயர், பணி அடங்கிய முழுப் பட்டியலைத் தர வேண்டும் என்று விதி கொண்டுவரலாம். பட்டியல் இல்லையென்றால் நாயகிக்கான விருதுக்கும் அந்தத் தொடர் தகுதி பெறாது. இந்த ஒரு விதி போதும், சேனல்களே பட்டியலைக் கேட்டு வாங்க ஆரம்பித்துவிடும். பட்டியல்களை இணையத்தில் நிரந்தரமாக வைக்க வேண்டும்.

அதே தகுதி விதிகளில் பாதுகாப்பும் சேர வேண்டும். 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே ஒரு திரைப்படத் தளத்தில் கிரேன் சரிந்து மூவர் இறந்தார்கள். மூவரும் திரைக்குப் பின்னால் வேலை செய்தவர்கள். மின் இணைப்புச் சோதனை, முதலுதவி, தொழிலாளர் காப்பீடு ஆகியவற்றுக்கான சான்று இல்லாத யூனிட்டின் தொடருக்கு எந்த விருதும் கிடையாது என்று சொல்ல அரசுக்கு முழு அதிகாரம் இருக்கிறது. தயாரிப்பாளரின் மனசாட்சியைத் தட்டுவதைவிட அவருடைய விருது ஆசையைத் தட்டுவது விரைவில் பலன் தரும்.

பிரிவுகளை விரிவாக்க வேண்டும். டப்பிங், ஒலி, ஒப்பனை, ஆடை, அரங்கம், தொடர்ச்சி, ஒளியமைப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி விருது; தினசரித் தொடர், வார நிகழ்ச்சி, இணையத் தொடர் என்று தனித்தனித் தட்டு. ஒரு தொடருக்கு ஒரு எபிசோடு அனுப்பினால் போதும். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தின் உறுப்புச் சங்கங்கள் தத்தம் துறைக்கு நடுவர்களைப் பரிந்துரைக்கட்டும். தான் வேலை செய்த தொடருக்கு எவரும் வாக்களிக்கக் கூடாது. லைட்மேன்கள், தள உதவியாளர்கள் போன்றோரைத் தனி ஆளாகப் பிரித்து எடை போடுவது கடினம் என்பதால், சிறந்த யூனிட்டுக்கு ஒரு விருது வைத்து, பரிசுத் தொகையை அத்தனை பேருக்கும் பிரித்துக் கொடுக்கலாம்.

சேனல்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. தங்கள் விழாவில் ஒரு மணி நேரத்தை இவர்களுக்கென்று ஒதுக்கட்டும், சிறந்த நாயகிக்கான விருதோடு அவருக்குக் குரல் கொடுத்தவரையும் அதே மேடைக்கு அழைக்கட்டும். வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மறு ஒளிபரப்பிலாவது, முழுப் பெயர்ப் பட்டியலையும் படிக்கும் வேகத்தில் ஓடவிடட்டும்.

கடைசியாக, தேதி. ஐக்கிய நாடுகள் அவை நவம்பர் 21-ஐ உலகத் தொலைக்காட்சி நாளாக அறிவித்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்துக்குள் முந்தைய ஆண்டின் பட்டியல்களை வாங்கி, நவம்பர் 21 அன்று சின்னத்திரை விருதுகளை வழங்குவது என்று அரசாணையில் எழுதிவிடலாம். ஆட்சி மாறினாலும் அதிகாரி மாறினாலும் அந்தத் தேதி மாறக் கூடாது. நிலுவையில் ஏதேனும் ஆண்டு இருந்தால் அதை மொத்தமாக ஒரு விழாவில் அள்ளிக் கொடுத்து முடிக்காமல், ஒவ்வோர் ஆண்டின் பட்டியலையும் பெயர் பெயராக வாசித்துக் கொடுக்க வேண்டும். இறந்துபோனவர்கள் இருந்தால் அவர்கள் குடும்பத்துக்குப் பரிசுத் தொகையும் சான்றிதழும் வீடு தேடிப் போய்ச் சேர வேண்டும்.